வலது குழல்

ரெய்னோவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஆறு பவுண்டு கூட வராது. அதுதான் அதன் பெருமை, அதன் வினையும் அதுதான். நாள் பூராவும் கையில் பிடித்துக்கொண்டு புதர் புதராக அலையலாம், கை வலிக்காது. சுட்டால்தான் வலி. பன்னிரண்டு கேஜ் தோட்டா, அதிலும் ஒன்றேகால் அவுன்ஸ் ஈய ரவை திணித்தது, உதைக்கிற உதையில் பாதியையாவது துப்பாக்கியின் கனம் வாங்கிக்கொள்ள வேண்டும். கனமே இல்லாத துப்பாக்கி எதை வாங்கும்? அத்தனையையும் தோளுக்குத் தள்ளிவிடும். இந்தக் கணக்கு அவன் மனைவி ஹில்யாவுக்குத் தெரியும். ரெய்னோவுக்கும் தெரியும். தெரிந்தே பிடிவாதம் பிடிக்கிறவனிடம் யார் பேசி ஜெயிப்பது?

மார்ச் மாதம் அவன் வலது தோளைத் திறந்து, கிழிந்த தசைநாரைத் தைத்து, மூன்று திருகு வைத்து மூடினார்கள். அக்டோபரில் காட்டுக்கோழி வேட்டைக்குப் போகலாம், ஆனால் இருபது கேஜுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கேஜ் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், தோட்டா சிறுக்கும், உதையும் குறையும். ஹில்யா எத்தனையோ வருடமாக இருபதில்தான் சுடுகிறாள். அவளுடைய துப்பாக்கி ஏழரை பவுண்டு. சுட்டால், யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

"இன்னிக்கு ஒரு நாள் என்னோடத எடுத்துக்கோயேன்" என்றாள் வண்டியில். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாலையோரப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது.

"பொம்பளத் துப்பாக்கி."

"அந்தப் பொம்பளத் துப்பாக்கிதான் வியாழக்கிழமை இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு அடிச்சுது. உன் ஆம்பளத் துப்பாக்கி எத்தன? பதிமூணா?"

ரெய்னோ இரண்டு காதிலிருந்தும் காது கேட்கும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சுடும்போது வெடிச்சத்தம் மிஷின் வழியாகப் பாய்ந்து மண்டையைப் பிளக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேட்டைக்காடு இன்னும் ஆறு மைல் இருந்தது. பின் இருக்கையில் பில்க்கு, அவர்களுடைய வெள்ளை நாய், கழுத்து மணி கிணுகிணுக்க ஜன்னலை நக்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை நடந்தது ஹில்யாவின் மனதில் முள்ளாக நின்றது. கிளப்பில் ஸ்கீட் ஆட்டம். இரண்டு பக்கக் கூண்டுகளிலிருந்தும் மண்தட்டு பறக்கும், அரைவட்டத்தில் இடம் மாறி மாறி நின்று சுட வேண்டும். ரெய்னோ கண்ணைக் கட்டிக்கொண்டு அடிக்கிற தட்டுகள் அவை. அன்றைக்கு வரிசையாகத் தவறவிட்டான். ஏன் என்று ஹில்யாவுக்கு மூன்றாவது தட்டிலேயே தெரிந்துவிட்டது. விசையை இழுப்பதற்கு ஒரு நொடி முன்பே அவன் உடம்பு உதையை எதிர்பார்த்துக் குறுகியது. கண் மூடியது, தோள் முன்னே பாய்ந்தது, குழல் தாழ்ந்தது. தட்டு போன பாதைக்குக் கீழே, ரவையெல்லாம் மண்ணில் கொட்டியது.

"ரெய்னோ, அது மண்ணுப்பா, கடிக்காது!" என்றான் உர்ஹோ, பழைய லாரிக் கூட்டாளி. எல்லாரும் சிரித்தார்கள். ரெய்னோவும் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைத் துடைக்காமலே மூலையில் சாத்தினான்.

மண்தட்டு போனால் போகட்டும். காட்டில் குழல் தாழ்ந்தால் எதிரே நிற்பது பில்க்கு. அந்த நினைப்பில்தான் ஹில்யா வெள்ளிக்கிழமை மாலை அந்தத் திருட்டு வேலையைச் செய்தாள்.

அவள் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவள். சுட்ட வெற்று உறையைப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் ரவையும் போட்டு, வாயை மடித்து மூடுவாள். ரெய்னோ சவுனாவில், அந்தச் சூட்டு அறையில், வியர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவனுடைய வேட்டைச் சட்டையிலிருந்த கனத்த தோட்டாக்களை எல்லாம் எடுத்துத் துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் ஒளித்தாள். பதிலுக்குத் தான் நிரப்பிய பன்னிரண்டு கேஜ் தோட்டாக்களைப் போட்டாள். ரவை முக்கால் அவுன்ஸுக்குச் சற்றுதான் மேல், உதை பாதி. அவனுடையதும் சிவப்பு உறை, இவளுடையதும் சிவப்பு உறை. கண்டுபிடிக்க மாட்டான். இரண்டு நாள் வலியில்லாமல் சுட்டால் உடம்பு பயத்தை மறந்துவிடும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வண்டியை மரம் வெட்டும் பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினார்கள். ரெய்னோ நாயோடு மேட்டுப் பக்கமாகப் போவதென்றும், ஹில்யா பீவர் பிராணிகள் மரக்கட்டை அடுக்கிக் கட்டிய அணையைத் தாண்டிக் கீழ்ப்பக்கமாக வருவதென்றும் கையாலேயே பேசி முடித்தார்கள். நடுவில் ஆல்டர் புதர் மண்டிய சதுப்பு. ரெய்னோ திரும்பிப் பார்க்காமல் போனான். கோபத்தில் போகிறவனின் முதுகு எப்படி இருக்கும் என்று முப்பத்தொன்பது வருடத்தில் ஹில்யாவுக்கு மனப்பாடம்.

அணையைக் கடக்கும் முன் அவள் வழக்கம்போல் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டாள். வழுக்குகிற மரக்கட்டைகளின் மேல் குண்டு போட்ட துப்பாக்கியோடு அவள் நடந்ததே கிடையாது. கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி அவள்தான். இருபது வருடமாக அவளுக்கு மைதானத்தில் ஒரே பாட்டு: "பாக்கெட்டக் கொட்டு!" ஒரு கேஜிலிருந்து இன்னொரு கேஜுக்கு மாறும்போது ஒவ்வொருத்தரும் தங்கள் பையிலுள்ளதை எல்லாம் மேஜையில் கொட்டிக் காட்ட வேண்டும். நீதிபதியாக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, கொட்டித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சட்டம் ஏன் என்று யாராவது முணுமுணுத்தால் அவள் சுவரைக் காட்டுவாள். கிளப் சுவரில் ஒரு குழல் ஆணியடித்து மாட்டியிருக்கிறது, பாதி உரித்த வாழைப்பழம் போல வாய் பிளந்து. பன்னிரண்டு கேஜ் குழலில் தெரியாமல் இருபது கேஜ் தோட்டா விழுந்தால், அது வெளியே வந்துவிடாது. கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், குழல் குறுகுகிற இடத்தில் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் காலியாகத் தெரியும். காலிதானே என்று பின்னால் ஒரு பன்னிரண்டைப் போட்டால் அது ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். விசையை இழுத்தால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். வெடிக்கிற இடம், இடது கை தாங்கிப் பிடிக்கிற இடம். அந்தச் சுவர்க் குழலின் சொந்தக்காரன் இப்போது இடது கையால் காப்பிக் கோப்பை கூடப் பிடிப்பதில்லை. இதனால்தான் கம்பெனிகள் இருபதை மஞ்சள் உறையில் செய்கின்றன, யாரும் குழம்பிவிடக் கூடாதென்று.

அணையைக் கடந்து கரையேறியபோது மேட்டுப் பக்கம் மணிச்சத்தம் நின்றது. மணி நின்றால் நாய் பறவையைக் கண்டு அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஹில்யாவும் நின்று காது கொடுத்தாள். சிறகு அடிக்கிற சத்தம் படபடவென்று வெடித்தது. ஒரு காட்டுக்கோழி சதுப்பைத் தாண்டி அவள் தலைக்கு மேலே பறந்து போனது. சுட்ட சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி கிணுகிணுத்தது.

சுடவே இல்லையே, ஏன்? மரம் மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பையில் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்துத் தன் துப்பாக்கியில் போட்டாள். அது உள்ளே போகவில்லை.

தள்ளினாள். போகவில்லை. எடுத்துப் பார்த்தாள். சிவப்பு உறை, தடித்த உறை, பன்னிரண்டு.

இது எப்படி என் பைக்கு வந்தது?

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போன வருடம் செத்துப்போன வைனோவின் மனைவி, அவன் சேர்த்து வைத்திருந்த பழைய உறைகளை ஒரு மூட்டை கொடுத்திருந்தாள். மஞ்சள் என்று முடிவாவதற்கு முந்திய காலத்து இருபதுகள். எல்லாம் சிவப்பு. தூக்கி எறிய ஹில்யாவுக்கு மனம் வரவில்லை. நல்ல உறை, இன்னும் நாலைந்து தடவை நிரப்பலாம். எனக்குத் தெரியாததா, தனி டப்பாவில் வைத்துக்கொண்டால் போயிற்று என்று இருந்துவிட்டாள். கிளப்பில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் உரித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

நிலவறையில் இரண்டு காப்பி டப்பா பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றில் நிரப்பிய பன்னிரண்டு, மற்றதில் அவளுடைய சிவப்பு இருபது. வெள்ளிக்கிழமை மாலை சவுனாக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகக் கையில் மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு ஓடினாள். எந்த டப்பாவில் போட்டாள்? அதற்கு முன் எந்த டப்பாவிலிருந்து அள்ளினாள்? விரலால் தடவினாலே தடிமன் தெரிந்துவிடும். திருட்டுக் கைக்கு அந்த நிதானம் ஏது?

அவளுடைய பையில் பன்னிரண்டு இருக்கிறதென்றால், அவனுடைய பையில் இருபது இருக்கலாம்.

இருக்கலாம் என்ன, இருக்கிறது. அதனால்தான் முதல் பறவைக்குச் சத்தம் வரவில்லை! நாயைப் பார்த்துக்கொண்டே கைத்தடவலில் தோட்டா போடுவது அவன் பழக்கம். இருபது விழுந்து முன்னே போய் மாட்டியிருக்கும். விசையை இழுத்தபோது வெறும் 'டிக்'. திறந்து பார்த்திருப்பான், காலி. போட மறந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னொன்று போட்டிருப்பான்.

இப்போது அந்தக் குழல் அவன் கையில் இருக்கிறது.

"ரெய்னோ!" என்று கத்தினாள். கத்தும்போதே தெரியும், பிரயோசனமில்லை. காது சட்டைப் பையில் இருக்கிறது. வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டால் ஆபத்து என்று அர்த்தம், சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்கவும் கேட்கும். ஆனால் பறவைக்கும் கேட்குமே? சுட்டால் பறவை எழும், பறவை எழுந்தால் அவன் கை தானாக உயரும்.

துப்பாக்கியைத் திறந்தபடியே தோளில் போட்டுக்கொண்டு சதுப்பில் இறங்கினாள். முழங்கால் வரை ஜில்லென்ற கறுப்புத் தண்ணீர். ஆல்டர் கிளைகள் முகத்தில் விளாசின. மணி அடித்துக்கொண்டிருந்தது. அடி, அடிச்சுக்கிட்டே இரு, என் தங்கமே, நிக்காதே. மணி அடிக்கிற வரைக்கும் அவன் சுடமாட்டான். ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டியது. இழுத்தாள், வரவில்லை. காலை உருவிக்கொண்டு ஒற்றைச் சாக்ஸோடு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன ஓட்டம் என்று யாராவது பார்த்திருந்தால் கேட்டிருப்பார்கள். அவளுக்குத் தன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாதுகாப்பு அதிகாரியாம்!

மணி நின்றது.

புதர் விளிம்பு வரை வந்துவிட்டாள். எண்பது அடி தூரத்தில் ரெய்னோவின் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. அவனுக்கு முன்னால் விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே பில்க்கு ஒரு காலைத் தூக்கியபடி கல்லாக நின்றது. ரெய்னோ துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடித்து ஒவ்வொரு அடியாக முன்னே போனான். இன்னும் பத்து அடி வைத்தால் பறவை எழும்.

கழுத்தில் ஊதல் தொங்கியது. ஊதினால் நாய் திரும்பி வரும், வர வேண்டும். நாய் நகர்ந்தால் ரெய்னோ திரும்பிப் பார்ப்பான். ஆனால் பறவையைக் கட்டி நிற்கிற நாயைக் கூப்பிடுவது பெரிய பாவம். மூன்று வருடப் பயிற்சி பாழாகும். பாழானால் ஆகட்டும். பயம் அது இல்லை. நாய் அசைந்ததும் பறவை எழுந்துவிட்டால்? கொன்றது இந்த ஊதலாகிவிடும்.

ரெய்னோ இன்னும் ஓரடி வைத்தான். ஹில்யா ஊதினாள்.

பில்க்குவின் வால் நடுங்கியது. அசையவில்லை. நல்ல நாய், அநியாயத்துக்கு நல்ல நாய். மறுபடி ஊதினாள், நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் போக ஊதினாள். நாய் தலையைத் திருப்பியது. மணி ஒரே ஒரு தரம் கிணுங்கியது.

பறவை எழுந்தது.

துப்பாக்கி அவன் தோளுக்கு ஏறியது. குழலுக்கு அடியில் அவனுடைய இடது கை, விரல்கள் விரித்து, சரியாக அந்த இடத்தில். ஹில்யா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பாவி கையால்தானே போட்டேன் என்று மட்டும் நினைத்தாள், வேறொன்றும் தோன்றவில்லை.

சிறகுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். ரெய்னோ துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே, பறவை இல்லாத வானத்தைக் குறிபார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல இறக்கினான். திரும்பி, வாயில் ஊதலோடு நின்ற அவளைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"எவ அவ, நிக்கிற நாய ஊதிக் கூப்பிடுறவ? பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

பதில் சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. இரண்டு கையையும் முஷ்டியாக உயர்த்தி, குச்சியை ஒடிப்பது போல ஒடித்துக் காட்டினாள். கிளப் மைதானத்தில் அவள் அதைக் காட்டினால், பேச்சு மூச்சில்லாமல் துப்பாக்கியைத் திறந்துவிட வேண்டும். இருபது வருடப் பழக்கம் கோபத்தை விடப் பெரியது. ரெய்னோவின் கை தானாகத் துப்பாக்கியைத் திறந்தது.

ஓடிப்போய் இரண்டு தோட்டாவையும் பிடுங்கினாள். இரண்டும் பன்னிரண்டு. குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, பின்பக்கமாகப் பார்த்தாள். இடது குழலில் வட்டமாக வானம் தெரிந்தது. வலது குழல் இருட்டாக இருந்தது.

ரெய்னோவைப் பார்க்க வைத்தாள். அவன் பார்த்தான். சிவந்திருந்த முகம் சாம்பல் நிறமானது. கத்தியை எடுத்து ஒரு ஆல்டர் குச்சியை வெட்டிச் சீவி, குழல் வாய் வழியாக மெதுவாகத் தள்ளினான். சிவப்புத் தோட்டா ஒன்று வழுக்கி வந்து ஹில்யாவின் உள்ளங்கையில் விழுந்தது. சின்னத் தோட்டா, கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை.

அவன் காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டான். "இது உன்னோடது."

"என்னோடதுதான். நான்தான் போட்டேன். உன் தோள் வலிக்கக் கூடாதுன்னு வெள்ளிக்கிழம உன் தோட்டாவ எல்லாம் மாத்தி வச்சேன். அவசரத்துல கலந்துட்டேன். நான்தான்பா." அழுதாள்.

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெய்னோ விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தான். பில்க்கு வந்து அவன் முழங்காலில் தலையை வைத்தது.

"மொதப் பறவைக்கு 'டிக்'னுச்சு" என்றான். "வெடிக்கல. உதையும் இல்ல. ஆனா குழல் எங்க போச்சு தெரியுமா? நேரா கீழ. நான் பாத்தேன், ஹில்யா. என் கையே இழுத்து அமுக்கினதப் பாத்தேன். குழலுக்கு நேரா பில்க்குவோட முதுகு." நாயின் காதைத் தடவினான். "அந்தக் கெழட்டு உர்ஹோ சொன்னது சரி. கடிக்கும்னு பயந்துதான் சாகுறேன்."

"இப்ப ஏன் சுடல?"

"விரல் வரல. விசையில வச்சேன், வரவே இல்ல. பறவை போயிருச்சு, நான் மரம் மாதிரி நின்னேன். உனக்குத் தெரிஞ்சா கேவலமாயிரும்னுதான் ஊதினதுக்குக் கத்துனேன்."

ஹில்யா அவன் எதிரே ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு காலில் பூட்ஸ் இல்லை, சாக்ஸெல்லாம் சேறு. எதைப் போக்கிவிட வேண்டுமென்று திருட்டு வேலை செய்தாளோ, அந்தப் பயம்தான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. இதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள்.

"பாக்கெட்டக் கொட்டு."

கொட்டினான். தோட்டாக்கள் மரப்பட்டையின் மேல் உருண்டன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தடவி ஒதுக்கினாள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. ஏழாவது தோட்டாவில் விரல் நின்றது. மெலிந்தது. இன்னொரு இருபது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹில்யா அதைத் தள்ளி வைத்துவிட்டு அவனுடைய இடது கையைப் பிடித்து இழுத்தாள். கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக அழுத்தி அழுத்திப் பிடித்தாள்.

"என்ன பண்ற?"

"பேசாம இரு" என்றாள். "எண்ணிக்கிட்டு இருக்கேன்."